ஒரே பெட்டியா, தனித்தனிப் பெட்டியா? வடசென்னை அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பாதுகாப்புக் கருவி வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம். தம்புச் செட்டித் தெருவிலிருந்து பிரியும் சந்தில், இரண்டாவது மாடி. 22 கம்ப்யூட்டர், இரண்டு இன்டர்நெட் லைன், சுவரில் அறைந்த சின்ன ரேக்கில் ஒரே ஒரு ஆல்-இன்-ஒன் ஃபயர்வால், அதாவது இன்டர்நெட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் நின்று போக்குவரத்தைச் சலிக்கும் பெட்டி. ஒரு திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில் டேலி திறக்கவில்லை. எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன; ஃபைல்களைப் பூட்டிவிடும் வைரஸின் வேலை. ஃபயர்வாலுக்குள் போய்ப் பார்த்தேன். ஆன்டிவைரஸ், ஊடுருவல் தடுப்பு, வெப் ஃபில்டர் மூன்றுக்குமான லைசன்ஸ் முடிந்து 5 மாதம் ஆகியிருந்தது. அந்த 5 மாதமும் கதவைத் திறந்து மூடும் வேலையை மட்டும்தான் பெட்டி செய்திருக்கிறது. உள்ளே வருவது யார், கையில் என்ன என்று பார்க்கவே இல்லை. முதலாளி பாய் கேட்டார்: "தம்பி, லைட்டு பச்சையாத்தானே எரிஞ்சுட்டு இருந்துச்சு?"

அதே வருஷம் மணலி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே நிலைமை நேர்மாறு. ஃபயர்வால் தனி, ஐபிஎஸ் என்று நாங்கள் சொல்லும் ஊடுருவல் தடுப்புக் கருவி தனி, மெயில் ஃபில்டர் தனி, வெளியிலிருந்து ஆபீசுக்குள் பாதுகாப்பாக வர உதவும் விபிஎன் தனி, வெப் போக்குவரத்தை நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும் வெப் ப்ராக்ஸி தனி என்று ஐந்து பெட்டிகள். நல்ல பெட்டிகள்தான். ரேக்கின் பின்கதவைத் திறந்தபோது நீலக் கேபிள்களுக்கு நடுவில் ஒரே ஒரு மஞ்சள் பேட்ச் கார்டு தெரிந்தது. இரண்டு மீட்டர் நீளம். என்றைக்கோ ஒரு இரவு சுவிட்ச் பழுதாகி, அவசரத்துக்கு யாரோ ஐபிஎஸ்ஸைத் தாண்டி நேராகப் போட்ட கேபிள் அது. கழற்றி மறுபடி சரியாகப் போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பெட்டி தானே எழுதி வைக்கும் பதிவான லாக்கைப் பார்த்தால் 11 மாதமாக ஒரு துளி டேட்டாகூட ஐபிஎஸ் வழியாகப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தான்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு, யார் வந்து "ஒரே பெட்டி நல்லதா, தனித்தனியா வாங்கலாமா?" என்று கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: தினமும் காலையில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? எத்தனை பெட்டி வாங்கலாம் என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பிறகுதான். கீழே நான் வேலை செய்யும் வரிசையிலேயே படிகளைத் தருகிறேன்.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆல்-இன்-ஒன் பெட்டிக்கு யுடிஎம் என்று பெயர். 2004 வாக்கில் ஐடிசி என்ற ஆய்வு நிறுவனம் புழக்கத்தில் விட்ட பெயர் அது. ஃபயர்வால், ஐபிஎஸ், ஆன்டிவைரஸ், வெப் ஃபில்டர், விபிஎன், ஸ்பேம் தடுப்பு எல்லாம் ஒரே உடம்பில். 2009-ல் கார்ட்னர் நிறுவனம் அடுத்த தலைமுறை ஃபயர்வால் என்ற வரையறையைக் கொண்டுவந்தது. முன்னது சின்ன ஆபீசுக்கு, பின்னது பெரிய கம்பெனிக்கு என்று அன்றைக்குப் பிரித்துச் சொன்னார்கள். இன்று கடையில் கிடைக்கும் பெட்டிகளில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. கொட்டேஷனில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் பாருங்கள். அகமதாபாத்தில் பிறந்த சைபர்ரோமை 2014-ல் சோஃபோஸ் வாங்கிவிட்டது. ஆனாலும் பாரிமுனைப் பக்கம் எந்தக் கம்பெனிப் பெட்டியையும் "சைபர்ரோம்" என்றே சொல்லும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தனிக்கருவி என்றால் ஒரு வேலையை மட்டும் ஆழமாகச் செய்வது. வெப்சைட்டுக்கு முன்னால் நிற்கும் வெப் ஃபயர்வால், மெயிலை மட்டும் சலிக்கும் கேட்வே, ஐபிஎஸ், விபிஎன் கருவி, லாக் சேகரிக்கும் சர்வர் எல்லாம் இந்த வகை.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

டீலரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நாள் ஒதுக்கி ஒவ்வொரு அறையாக நடந்து எழுதுங்கள். எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை கேமரா, அதன் வீடியோவைப் பதியும் டிவிஆர் எங்கே, கைரேகை வருகைப் பதிவு மெஷின் எந்தச் சுவிட்சில், எடைமேடைக் கம்ப்யூட்டர் எதில், ஊழியர்களின் போன் எந்த வைஃபையில் என்று எல்லாம் வர வேண்டும். டேலி, ஆஸ்பத்திரி மென்பொருள் போன்றவற்றின் டேட்டா எந்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

பிறகு மூன்று கேள்விகள்.

மெயில் எங்கே இருக்கிறது? கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ என்றால், உங்களுக்கு வரும் மெயில் அவர்களுடைய சர்வருக்குத்தான் போகிறது. ஆபீஸ் ரேக்கில் இருக்கும் மெயில் ஃபில்டர் பெட்டியின் கண்ணில் அது படவே படாது. அந்த மணலி யார்டில் மெயிலை இரண்டு வருஷத்துக்கு முன்பே கிளவுடுக்கு மாற்றியிருந்தார்கள். மெயில் கேட்வேக்கு மட்டும் வருஷா வருஷம் லைசன்ஸ் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வெப்சைட் எங்கே இருக்கிறது? வெளியே ஹோஸ்டிங் என்றால் ஆபீசில் வைக்கும் வெப் ஃபயர்வால் அதைக் காப்பாற்றாது. பாதுகாப்பை அந்தச் சைட்டுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே யார் வருகிறார்கள்? வீட்டிலிருந்து டேலி பார்க்கும் கணக்கர், டிவிஆரை போனில் பார்க்கும் முதலாளி, மென்பொருள் சரிசெய்ய வரும் வெண்டர். பழைய ஆபீஸ்களில் இதற்கெல்லாம் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து உள்ளே இருக்கும் மெஷினுக்கு நேர்வழி, போட்டு வைத்திருப்பார்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட் இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதை மூடுங்கள். புதுப் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

படி 2: கண்களை எண்ணுங்கள்

ஒவ்வொரு தனிக்கருவியும் தனக்கென்று ஒரு லாகின், ஒரு லைசன்ஸ் தேதி, ஒரு சப்போர்ட் நம்பர், ஒரு அப்டேட் வரிசை கேட்கும். ஒரு தனிக்கருவியை ஒழுங்காகப் பார்க்க, என் அனுபவத்தில், தினம் அரை மணி நேரமாவது வேண்டும். அப்டேட் போட மாதம் ஒரு ராத்திரி வேண்டும். ஐந்து பெட்டி என்றால் கூட்டிப் பாருங்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. முழுநேர ஐடி ஆள் இல்லை என்றால் ஒரே பெட்டி. அதைப் பார்க்க மாதச் சம்பளம் போல் காசு கொடுத்து வெளியாள் ஒருவர். ஒருவர் இருக்கிறார் என்றால் ஒரே பெட்டி, அத்துடன் லாக்கை வெளியே சேமிக்க ஒரு இடம். மூன்று பேராவது இருந்து, அதில் ஒருவருக்குப் பாதுகாப்பு மட்டுமே வேலை என்றால்தான் தனிக்கருவிப் பேச்சை எடுப்பேன். ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் பெட்டியைக் கூட்டுவது, வாட்ச்மேன் ஒருவரை வைத்துக்கொண்டு ஐந்து கேட் திறப்பது போலத்தான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஆள் வேலையை விட்டுப் போவார். அதனால் இரண்டாவது ஆள் ஒருவருக்காவது பெட்டியின் பாஸ்வேர்டு இருக்கும் கவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மண்ணடி பாய் ஆபீசில் இப்போது அது நகைச்சீட்டு ரசீதுகளோடு லாக்கரில் இருக்கிறது.

படி 3: அட்டையில் போட்டிருக்கும் வேகத்தை நம்பாதீர்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். சின்ன ஆபீஸ்களில் பரவலாகக் காணும் ஃபோர்ட்டிகேட் 40எஃப்-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் டேட்டாஷீட்டில் ஃபயர்வால் வேகம் 5 ஜிபிபிஎஸ், அதாவது 5,000 எம்பிபிஎஸ். ஐபிஎஸ் மட்டும் ஓடினால் 1 ஜிபிபிஎஸ். ஆன்டிவைரஸ், ஆப் கன்ட்ரோல் எல்லாம் சேர்த்துப் போட்டால் 600 எம்பிபிஎஸ். எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய வெப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் 310 எம்பிபிஎஸ். கம்பெனி எதையும் மறைக்கவில்லை. நாலு எண்ணும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. டீலர் வாயில் வருவது மட்டும் முதல் எண்.

இப்போது பாய் ஆபீஸ் மாதிரி 300 எம்பிபிஎஸ் லைன் இரண்டு இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 600. எல்லாப் பாதுகாப்பையும் போட்டால் அந்தப் பெட்டி மூச்சு வாங்கும். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று ஆபீசில் சத்தம் வரும். வந்து பார்க்கும் டெக்னீஷியன் ஐபிஎஸ்ஸை ஆஃப் செய்துவிட்டு, "இப்ப பாருங்க சார், சூப்பரா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆல்-இன்-ஒன் பெட்டிகள் பாதி வேலையோடு ஓடுவதற்கு நான் பார்த்த முக்கியக் காரணம் இதுதான்.

கணக்குப் போடும் முறை: உங்கள் லைன்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அடுத்த 4 வருஷத்தில் அது இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை, எல்லாம் ஆன் செய்த நிலையில் தரும் வேகத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொரு போக்குவரத்தையும் மறந்துவிடுகிறார்கள். ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனி அறைகளாக, அதாவது விலான்களாகப் பிரித்து, ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் டேட்டாவும் ஃபயர்வால் வழியாகவே போகும்படி அமைத்திருந்தால், ராத்திரி நடக்கும் பேக்கப்பும் 64 கேமராக்களின் வீடியோவும் அதே பெட்டியைத்தான் அமுக்கும். அதையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். முடியாவிட்டால் கேமராவையும் டிவிஆரையும் ஒரே விலானுக்குள் வைத்து, அந்த வீடியோ ஃபயர்வாலைத் தொடாதபடி செய்யுங்கள்.

படி 4: எச்டிடிபிஎஸ்ஸைப் பிரிக்கப்போகிறீர்களா என்று முடிவு செய்யுங்கள்

இன்றைய வெப் போக்குவரத்தில் பெரும்பகுதி பூட்டிய உறைக்குள்தான் வருகிறது. உறையைப் பிரிக்காத வரை பெட்டியில் இருக்கும் ஆன்டிவைரஸ் உறையின் மேல் எழுதிய முகவரியை மட்டுமே பார்க்கிறது. பிரிக்க வேண்டுமென்றால் பெட்டியின் சான்றிதழை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பதிக்க வேண்டும். ஊழியர்களின் சொந்தப் போனில் அது நடக்காது. அவர்களைத் தனி வைஃபைக்கு அனுப்பிவிடுங்கள்.

வங்கிகள், வருமான வரி, ஜிஎஸ்டி, கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இவற்றைப் பிரிக்காமல் விடும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போட்டு பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணம் தாக்கல் செய்யும் நேரத்தில் சான்றிதழ் எரர் வந்தால் ஆபீசே நின்றுவிடும். அடுத்த நிமிடம் யாராவது மொத்தப் பாதுகாப்பையும் அணைத்துவிடுவார்கள். கூகுள், யூடியூப் போன்றவை க்விக் என்ற புது முறையில் யுடிபி 443 வழியாகவும் பேசும். பல பெட்டிகளால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதை மூடினால் பிரவுசர் தானாகப் பழைய வழிக்குத் திரும்பிவிடும். ஒரே ஒரு ரூல்தான், மறந்துவிடாதீர்கள்.

பிரித்துப் பராமரிக்க ஆள் இல்லை என்றால், அந்தப் பணத்தை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நல்ல எண்ட்பாயின்ட் பாதுகாப்பு போடுவதில் செலவழிக்கலாம். உறை கடைசியில் பிரிவது அங்கேதான். சின்ன ஆபீசுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

படி 5: எந்த வேலையை வெளியே எடுப்பது, எந்த வரிசையில்

ஒரே பெட்டி அல்லது எல்லாமே தனி என்று இரண்டு கோடியில் நின்று பேசத் தேவையில்லை. பெட்டியில் தொடங்கி, தேவை வரும்போது ஒவ்வொரு வேலையாக வெளியே எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். எனக்குச் சரிப்பட்ட வரிசை இது.

முதலில் வெளியேற வேண்டியது லாக். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் வெளியிட்ட உத்தரவுப்படி சிஸ்டம் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகளின் கடிகாரத்தையும் அரசு நேர சர்வரோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். சின்னப் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க்கே கிடையாது. மேலே சொன்ன 40எஃப்-லும் இல்லை. டிஸ்க் இல்லாத பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் நேற்று நடந்ததற்குச் சாட்சியே இருக்காது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, 2 டிபி டிஸ்க் மாட்டி, சிஸ்லாக் முறையில் பெட்டியின் லாக்கை அங்கே அனுப்பச் சொன்னால்கூட போதும். அலுவலகம் தாக்கப்பட்ட பிறகு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோரிடம் நான் கேட்டுக் கிடைக்காதது இந்த ஒன்றுதான். எந்த நாள், எந்த வழியாக நுழைந்தார்கள் என்று சொல்ல முடியாமல் நிற்கும்போது வரும் வேதனை பெரிது.

இரண்டாவது, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வெப் சேவை. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் பக்கம், கன்டெய்னர் எங்கே என்று பார்க்கும் பக்கம், ஆன்லைன் கடை. இவற்றை உங்கள் சர்வரிலேயே ஓட்டினால் வெப் ஃபயர்வால் தனியாக வேண்டும். யுடிஎம் பெட்டியில் அதே பெயரில் இருக்கும் வசதி பெரும்பாலும் மேலோட்டமானது. கார்டு பணம் வாங்கும் பக்கம் என்றால் இது விருப்பம் சார்ந்ததும் இல்லை: பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டுப் பாதுகாப்பு விதி 2025 மார்ச் 31 முதல், பொதுவில் திறந்திருக்கும் வெப் பயன்பாடுகளுக்கு முன்னால் தாக்குதலைத் தானாகக் கண்டுபிடித்துத் தடுக்கும் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

மூன்றாவது, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு நெட்வொர்க். மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். பம்ப், வால்வு, பாய்லர் இவற்றை இயக்கும் பிஎல்சி என்ற சின்னக் கம்ப்யூட்டர்கள் பல மாட்பஸ் மொழியில் பேசுகின்றன. 1979-ல் பிறந்த மொழி. யார் பேசுகிறார் என்று கேட்கும் வழக்கமே அதற்குக் கிடையாது. 502 போர்ட்டில் வந்து யார் கட்டளை கொடுத்தாலும் வால்வு திறக்கும். ஆபீஸ் பெட்டியில் ஒரு ரூல் தப்பாகப் போட்டால் அந்தப் பக்கம் திறந்துகொள்ளும் நிலை இருக்கவே கூடாது. ஆபீசுக்கும் பிளான்ட்டுக்கும் நடுவில் தனி ஃபயர்வால், முடிந்தால் வேறு கம்பெனிப் பெட்டி, தனி பாஸ்வேர்டு, தனி ஆள். இங்கே ஆள் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆளை வைத்துத்தான் ஆக வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவர்களும் நம் ஜனங்கள்தான்.

நான்காவது விபிஎன். 30, 40 பேர் தினமும் வெளியிலிருந்து வந்தால் தனியாக எடுக்கலாம். ஐபிஎஸ் கடைசி. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் நிஜமாகவே ஓடும், எச்சரிக்கைகளைப் படிக்க ஆள் இருக்கும் இடத்துக்கு மட்டும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தனிக்கருவி வாங்கினால் ஓட்டையே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023-ல் பாராகுடாவின் மெயில் கேட்வேயில் தாக்குதல் நடந்து, பாதிக்கப்பட்ட பெட்டிகளை அப்டேட் செய்தால் போதாது, கழற்றிவிட்டு வேறு பெட்டி மாட்டுங்கள் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. 2024 ஜனவரியில் இவான்டியின் விபிஎன் கருவி; அமெரிக்க அரசு தன் அலுவலகங்களை இரண்டே நாளில் அதைத் துண்டிக்கச் சொன்னது. மறுபக்கம், ஆல்-இன்-ஒன் பெட்டிகளில், 2023 ஜூனில் ஃபோர்ட்டிகேட் தயாரிக்கும் ஃபோர்ட்டினெட், 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோ. இரண்டு வகையிலும் பெரிய ஓட்டைகள் வந்திருக்கின்றன. அப்டேட் வந்த அன்றைக்கே போட ஆள் இருந்த இடங்களுக்கு அபாயம் குறைவாக இருந்தது.

படி 6: ஒன்று விழுந்தால் எது நிற்கும்?

ஆல்-இன்-ஒன் பெட்டி செத்தால் எல்லாம் நிற்கும். கஸ்டம்ஸ் புரோக்கருக்கு அது எந்த நாளில் நடக்கிறது என்பது முக்கியம். கப்பலின் கட்-ஆஃப் நேரத்துக்குள் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் போகவில்லை என்றால் கன்டெய்னர் கிடக்கும், வாடகை ஏறும், வாடிக்கையாளர் வேறு ஆளிடம் போய்விடுவார். அரை நாள் நெட் இல்லாவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று முதலாளியிடமே ஒரு எண் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இரண்டாவது பெட்டியின் விலையைத் தாண்டினால் ஜோடியாக வாங்குங்கள். சில கம்பெனிகளில் இரண்டாவது பெட்டிக்கும் முழு லைசன்ஸ் வேண்டும். சோஃபோஸ் போன்ற சிலரிடம் சும்மா காத்திருக்கும் பெட்டிக்குத் தனிச் சந்தா தேவையில்லை. ஐந்து வருஷக் கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

வரிசையாக மாட்டிய தனிக்கருவிகளில் எது விழுந்தாலும் மொத்தமும் நிற்கும் என்பதையும் கவனியுங்கள். ஐபிஎஸ்ஸில் பைபாஸ் போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். கரண்ட் போனால் கேபிளை நேராக இணைத்துவிடும் போர்ட் அது. 

படி 7: உப்புக்காற்றும் தண்ணீரும்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடல் ஓரம். காசிமேட்டில் ஐஸ் வியாபாரி ஒருவரின் ஆபீசில் மூன்று வருஷம் ஓடிய சுவிட்சைக் கழற்றினேன். போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், தங்க நிறத்தில் இருக்க வேண்டிய எட்டுப் பின்களில் மூன்று பச்சை பூத்திருந்தன. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஃபேன் உள்ள பெட்டி உப்பையும் தூசியையும் இழுத்து உள்ளே சேர்க்கும். கடல் ஓரத்தில் ஃபேன் இல்லாத சின்னப் பெட்டிதான் நீடிக்கிறது. ரேக் மாடல் தனிக்கருவிகள் வைக்க வேண்டுமானால் மூடிய அறையும் ஏசியும் கட்டாயம். அந்தச் செலவையும் கொட்டேஷனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தரைத்தளத்தில் ரேக் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. ரேக்கை மேல்மாடியில் வையுங்கள். முடியாவிட்டால் தலைக்கு மேல் உயரத்தில் அறையுங்கள்.

படி 8: ஐந்து வருஷக் கணக்கு

பெட்டி விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள். பெட்டி, ஐந்து வருஷ லைசன்ஸ், ஏஎம்சி என்ற வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கரண்ட், யுபிஎஸ் பேட்டரி, பார்க்கும் ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கு எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஐந்து கருவிகள் தலா 60 வாட் இழுத்தால் மொத்தம் 300 வாட். இரவு பகலாக ஓடினால் வருஷத்துக்கு 2,628 யூனிட். 15 வாட் சின்னப் பெட்டி ஒன்று அதே வருஷத்தில் 131 யூனிட்தான் எடுக்கும். கரண்ட் போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் இதே கணக்குதான்.

இரண்டாம் வருஷ லைசன்ஸ் விலையை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். பல கொட்டேஷன்களில் முதல் வருஷம் மலிவு, ரென்யூவல் கடுமை. லைசன்ஸ் முடிந்தால் பெட்டி என்ன செய்யும், எது நிற்கும், எது ஓடும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பாய் ஆபீசில் அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

மூன்று இடங்கள், மூன்று முடிவுகள்

பாய் ஆபீசுக்கு நான் மறுபடியும் ஒரே பெட்டியைத்தான் போட்டேன். கொஞ்சம் பெரிய மாடல், லாக்குக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், எல்லா மெஷினிலும் எண்ட்பாயின்ட் பாதுகாப்பு, தினமும் கழற்றி வைக்கும் ஒரு பேக்கப் டிஸ்க். "ஒரு தடவை போச்சே, வேற மாதிரி போடலாமே தம்பி?" என்று கேட்டார். "பாய், பெட்டி தப்பு செய்யல. அதை யாரும் பாக்கல. இப்ப நான் பாக்கறேன், நீங்களும் மாசம் ஒருநாள் பாருங்க" என்றேன்.

மணலி யார்டில் மெயில் கேட்வேயையும் ப்ராக்ஸியையும் கழற்றினோம். ஃபயர்வாலை ஜோடியாக்கி ஐபிஎஸ், விபிஎன் வேலைகளை அதிலேயே சேர்த்தோம். எடைமேடைக்கும் கேமராவுக்கும் தனித்தனி விலான். ஐந்து பெட்டி இரண்டானது. பாதுகாப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. ஐடி ஆட்கள் மூன்று பேர், நோயாளிகள் புக்கிங் செய்யும் வெப் பக்கம் அவர்கள் சர்வரிலேயே ஓடுகிறது. அங்கே முன்னால் வெப் ஃபயர்வால் தனி, மற்றதெல்லாம் ஒரே பெட்டி, லாக் சர்வர் தனி. நோயாளிகளின் விவரம் கையில் இருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் நிர்வாகம் கையெழுத்துப் போட்டது.

படி 9: வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

டெமோ பெட்டி கேளுங்கள், கொடுப்பார்கள். மாதக் கடைசி வேலை நெருக்கடி அந்த இரண்டு வாரத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா வசதியையும் ஆன் செய்து, காலை 11 மணிக்கு வேகம் அளந்து பாருங்கள். ஈக்கார் என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்து, தீங்கில்லாதது, எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்றே பிடிக்கும். அதை எச்டிடிபிஎஸ் வழியாக இறக்கிப் பாருங்கள். ஃபயர்வால் பிடித்ததா, அதைத் தாண்டி வந்து கம்ப்யூட்டர் பிடித்ததா என்று லாக்கில் தெரியும். பிறகு கரண்ட் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். எத்தனை நிமிடத்தில் நெட் திரும்புகிறது என்று கடிகாரம் வைத்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை சப்போர்ட் நம்பருக்கு ஒருமுறை போன் போட்டு, யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த மாடலுக்குக் கம்பெனி சப்போர்ட் எந்த வருஷம் முடிகிறது என்பதைக் கம்பெனியின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் பழைய பெட்டிகளுக்குப் பெரும்பாலும் அது ஏற்கெனவே முடிந்திருக்கும்.

படி 10: மாட்டும் நாளும் கழற்றும் நாளும்

மாட்டும் அன்றே அட்மின் பக்கம் இன்டர்நெட் பக்கமிருந்து திறக்காதபடி மூடுங்கள். அட்மினுக்கும் விபிஎன்னுக்கும் ஓடிபி போடுங்கள். லைசன்ஸ் முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டுங்கள், கூடவே பார்க்க வேண்டியவர் பெயரும் இருக்கட்டும். ரேக் கதவின் உள்பக்கம் கேபிள் வரைபடம் ஒட்டுங்கள். அவசரத்துக்கு யாராவது கேபிள் மாற்றினால் அந்தத் தாளில் தேதியோடு எழுத ஒரு பேனாவையும் நூலில் கட்டித் தொங்க விடுங்கள்.

கழற்றிய பழைய பெட்டியை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். விபிஎன் சாவி, எல்லோருடைய பாஸ்வேர்டு, உங்கள் நெட்வொர்க்கின் முழு வரைபடம் அதற்குள் இருக்கும். ஃபாக்டரி ரீசெட் செய்து, மறுபடி ஆன் செய்து உள்ளே எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். டிஸ்க் இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியில் இருந்த பாஸ்வேர்டுகளையும் விபிஎன் சாவிகளையும் புதுப் பெட்டிக்கு அப்படியே கொண்டுபோகாமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அந்த நாளிலேயே நீக்கிவிடுங்கள்.